‘எதுலயும் நாட்டம் வரல!’ - மனச்சோர்வில் உங்க இடது மூளைக்கு என்ன ஆகிறது?

ஒரு பெண் ஒற்றைக்காலில் சுழன்று ஆடும் அந்த நிழலுருவ வீடியோ உங்க போனுக்கும் வந்திருக்கும். ‘வலப்பக்கம் சுத்துற மாதிரி தெரிஞ்சா நீங்க ரைட் பிரெயின், எமோஷனல் ஆளு, இடப்பக்கம்னா லெஃப்ட் பிரெயின், கணக்கா யோசிக்கிற ஆளு’ என்று கூடவே ஒரு கேப்ஷன். ஜப்பானைச் சேர்ந்த நொபுயுகி கயஹாரா 2003-ல் உருவாக்கிய காட்சி மயக்கம் அது. எது முன்பக்கம், எது பின்பக்கம் என்று காட்டும் குறிப்பு எதுவும் படத்தில் இல்லாததால், ஏதோ ஒரு திசையில் சுற்றுவதாக நமக்குத் தெரிகிறது. அவ்வளவுதான்.

2013-ல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் 1,000-க்கும் மேற்பட்டவர்களின் மூளை ஸ்கேன்களை அலசிப் பார்த்தார்கள். ‘இடது மூளைக்காரர்’, ‘வலது மூளைக்காரர்’ என்று ஒரு ரகமே அதில் சிக்கவில்லை.

அப்போ எல்லாமே கட்டுக்கதையா? இல்லை. மனிதர்களை அப்படிப் பிரிக்க முடியாதே தவிர, மூளையின் இரண்டு பாதிகளும் எல்லா வேலையையும் சரிபாதியாகப் பங்குபோட்டுக்கொள்வதில்லை. உணர்ச்சியும் அப்படித்தான். இது பளிச்சென்று தெரியும் இடங்களில் ஒன்று, மனச்சோர்வு எனும் டிப்ரஷன். ஆபீஸ் டென்ஷனைச் சொல்லவில்லை. நாளின் பெரும்பகுதி, இரண்டு வாரங்களுக்கு மேல் விடாமல் அழுத்துகிறதே, அதைச் சொல்கிறோம்.

இத்தாலிய நரம்பியல் மருத்துவர் குய்டோ கைனோட்டி, மூளையின் ஒரு பக்கம் மட்டும் பாதிக்கப்பட்ட நோயாளிகளைப் பற்றி 1972-ல் எழுதினார். இடப்பக்கம் பாதிக்கப்பட்டவர்களில் பலர் உடைந்து அழுதார்கள். வலப்பக்கம் பாதிக்கப்பட்டவர்களில் பலர், ஒன்றுமே நடக்காததுபோல இருந்தார்கள். சிலர் ஜோக்கூட அடித்தார்கள். ‘இடது மூளைக்கு அடிபட்டா பேச்சு போகும், வலது கை விழும். யாரா இருந்தாலும் அழத்தானே செய்வாங்க?’ என்று நீங்க கேட்கலாம். நியாயமான கேள்விதான், அப்போதே பலர் கேட்டார்கள். இடது முன்பக்கத்தில் பக்கவாத பாதிப்பு இருந்தால் மனச்சோர்வு அதிகம் என்று 1980-களில் சில ஆய்வுகள் சொன்னன. ஆனால், அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்து 2000-ல் பார்த்தபோது அந்தக் கணக்கு நிற்கவில்லை.

இதற்கு வேறொரு பக்கமிருந்து வந்தவர் அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் டேவிட்சன். தலையில் மின்முனைகளை ஒட்டி, மூளை அலைகளைப் பதிவுசெய்யும் ஈ.ஈ.ஜி-தான் அவரது கருவி. மனச்சோர்வில் இருந்தவர்களுக்கு, இடது நெற்றிக்குப் பின்னால் இருக்கும் பகுதி சற்று மந்தமாக இருந்ததை 1991-ல் அவரது குழு பதிவுசெய்தது.

உடனே ‘இடது = சந்தோஷம், வலது = சோகம்’ என்று முடிவுகட்டிவிடாதீர்கள். கோபத்தையே எடுத்துக்கொள்ளுங்க. அது இனிமையான உணர்ச்சியே இல்லை. ஆனாலும், கோபப்படும்போது இடது முன்பகுதிதான் கூடுதலாக வேலை செய்வதாகப் பல ஆய்வுகள் காட்டின. அதனால், ஒன்றை நோக்கிப் போகவைப்பது இடது, விலகவைப்பது வலது என்று இதைப் புரிந்துகொள்கிறார்கள். பிரியாணி வாசனைக்குக் கால் தானாக நகருதே, அது முதல் வகை. கெட்டுப்போன பாலை முகர்ந்ததும் தலை பின்னால் போகுதே, அது இரண்டாவது.

இப்போ மனச்சோர்வை யோசிச்சுப் பாருங்க. நெருங்கிய ஃப்ரெண்டின் மெசேஜ் வந்திருக்கும். பார்த்திருப்பீங்க, ரிப்ளை பண்ணத் தோணாது. பிடிச்ச சாப்பாடு எதிரிலேயே ஆறிப்போகும். வீட்டில் இதற்கு வைக்கும் பெயர் சோம்பேறித்தனம். ஆனால், அங்கே குறைந்துபோனது உழைப்பு அல்ல. ‘போ, எடு’ என்று உள்ளிருந்து தள்ளிவிடும் அந்த விசை. திட்டினால் அது திரும்ப வராது.

இந்த இடது-வலது வித்தியாசத்தை வைத்து ஒருவருக்கு மனச்சோர்வு இருக்கிறதா என்று கண்டுபிடிக்க முடியாது என்பதும் முக்கியம். பிறகு வந்த ஆய்வுகள் ஒன்றோடு ஒன்று ஒத்துப்போகவில்லை. ஹெட்செட்டை மாட்டி ‘உங்க டிப்ரஷனை அளந்து சொல்றோம்’ என்று யாராவது காசு கேட்டால், நழுவிவிடுங்க.

ஆனால், இதே ‘இடது மந்தம்’ யோசனையிலிருந்து ஒரு சிகிச்சை பிறந்தது. டி.எம்.எஸ் எனப்படும் காந்தத் துடிப்பு சிகிச்சைக்கு, 2008-ல் அமெரிக்க எஃப்.டி.ஏ அனுமதி தந்தது. மயக்க மருந்து கிடையாது. இடது முன்தலையில் நொடிக்கு 10 துடிப்புகள்; மரங்கொத்தி தட்டுவதுபோல இருக்கும். வலப்பக்கம் என்றால், அடக்கிவைப்பதற்காக நொடிக்கு 1. வாரத்துக்கு 5 நாள், 4 முதல் 6 வாரங்கள் வரை போகவேண்டும். பொதுவாக, மருந்து கைகொடுக்காதபோதுதான் இதைப் பரிந்துரைப்பார்கள். எல்லோருக்கும் பலன் கிடைக்கும் என்றும் சொல்ல முடியாது. வலிப்பு இருந்தாலோ, தலைக்குள் உலோகம் பொருத்தியிருந்தாலோ முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

மெஷின் இல்லாத வழியும் உண்டு. ‘மூட் வந்ததும் செய்யலாம்’ என்று காத்திருக்காமல், சின்ன வேலை ஒன்றை முதலில் செய்யவைத்து, நாட்டத்தைப் பின்னால் வரவைக்கும் பேச்சு சிகிச்சை அது. மாடிக்குப் போய் 5 நிமிஷம் நிற்பது என்கிற அளவில்கூட ஆரம்பிப்பார்கள்.

யாரிடம் போவது என்று தெரியாவிட்டால், மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416. எந்த நேரமும் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். டாக்டரைப் பார்க்கும்போது ‘சோகமா இருக்கு’ என்பதோடு நிறுத்தாமல், ‘எதுலயும் நாட்டம் வரல’ என்பதையும் சொல்லுங்க. மனச்சோர்வைக் கண்டறிய உலகம் முழுக்கப் பயன்படும் கேள்வித்தாளில், முதல் கேள்வியே அதுதான்.