வீதியும் ஒழுங்கையும்

ட்வெய்ட்டாவில் வாழும் நம்மவர் பலர், சுரங்கரயிலால் இறங்கி, கடைத்தொகுதியில் மரக்கறி வாங்கிக்கொண்டு நாள்தோறும் ட்வெத்தன்வெயன் என்னும் வீதியைக் கடந்து செல்கின்றனர். அப்பெயரின் பொருளை நாம் ஒருநாளேனும் வினவியதுண்டா?

ட்வெத்தன் என்பது இங்கிருந்த பண்ணையொன்றின் பெயர். வெட்டிப் பிரித்த நிலத்துண்டைக் குறிக்கும் பழைய நோர்டிக் சொல்லிலிருந்து அது வந்தது. ட்வெய்ட்டா என்னும் ஊர்ப்பெயரும் அதனடியாகப் பிறந்ததே. 1948 வரை இப்பகுதி ஒஸ்லோ நகரைச் சேர்ந்ததன்று. ஆக்கர் என்னும் அயற்பகுதியில் அடங்கிய உழவர் நிலமாகும். சுரங்கரயில் இங்கு வந்தது 1970இலேதான்.

ட்வெய்ட்டாவிற்கு வடபால் செல்லும் ஸ்துரொம்ஸ்வெயன் இன்னும் பழைய கதை சொல்லும். கிழக்கே அறுத்த மரப்பலகைகளை மாரிகாலத்தில் பனிமேல் குதிரைச் சறுக்குவண்டிகளில் ஏற்றி, இவ்வழியாகவே நகரின் துறைமுகத்துக்குக் கொண்டு சென்றனர். வழியோர உழவர்க்கு அதுவே மாரிகால வருவாய். 1854இல் எயிட்ஸ்வோல் வரை 68 கிலோமீற்றர் நீளத்தில் நாட்டின் முதற் புகைவண்டிப் பாதை திறக்கப்பட்டதும் பலகைகள் தண்டவாளத்துக்கு மாறின, வண்டிக்காரர் பிழைப்பிழந்தனர். வீதியைச் செப்பனிடும் கடமையும் நெடுங்காலம் உழவர் தலையிலேயே இருந்தது. பண்ணைக்கு இவ்வளவு தூரம் என அளந்து ஒதுக்கப்பட்டது. அவர்கள் வியர்வை சிந்திய பாதையில் இன்று நம் பிள்ளைகள் பள்ளிக்குச் செல்கின்றனர்.

நமது ஊர்களிலும் சிரமதானத்தால் செப்பனிட்ட ஒழுங்கைகள் எத்தனை! ஊரில் நாம் ஆசிரியப் பணி புரிந்த காலத்தில், வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் வழியை வரையுமாறு மாணவரைக் கேட்பதுண்டு. பனையோலை வேலி, பூவரசு, பொதுக்கிணறு, வயிரவர் கோயில், ஒழுங்கை முடக்கு என ஒன்றும் விடாது வரைவர். அவற்றுட் பல எந்த நிலப்படத்திலும் இல்லாதவை.

1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தனர். பல்லாண்டுகளின் பின் சில காணிகள் விடுவிக்கப்பட்டபோது மீண்டு சென்றோர் பலர், தம் ஒழுங்கை எதுவென்றே அறியாது பற்றைக்காட்டின் நடுவே நின்றனர். வேலியும் இல்லை, எல்லையும் இல்லை. அவர்களுக்கு வழிகாட்டியது முதியோரின் நினைவொன்றே. அம்முதியோர் இன்று ஒவ்வொருவராய் மறைந்து வருகின்றனர்.

நோர்வீஜியர் தம் பண்ணைகளை மாடிக்கட்டடங்களுக்கு விட்டுக்கொடுத்தபோதும் பண்ணைப் பெயரை வீதிக்குச் சூட்டிக் காத்துக்கொண்டனர். நம் ஒழுங்கைகளுக்குப் பெயர்ப்பலகை ஏது? ஆதலால் இவ்வார இறுதியில் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, அப்பாச்சியையோ தாத்தாவையோ அருகிருத்தி, ஊரின் ஒழுங்கைகளைப் பிள்ளைகளின் கையால் வரைவிப்போம். முடக்குகளின் பெயரையும் கிணறுகளின் பெயரையும் எழுதுவிப்போம். பக்கத்திலேயே ட்வெத்தன்வெயனையும் அவர்கள் வரையட்டும். இரண்டும் அவர்களுடைய வழிகளே.