வேரடியில் இரு காவலர்

கொழும்பிலிருந்து கண்டிக்குச் செல்லும் பெருவீதியில் பயணஞ் செய்வோருக்கு வரக்காப்பொல என்றதும் எள்ளுருண்டையே நினைவுக்கு வரும். கடையடியில் வாகனத்தை நிறுத்திப் பொட்டலம் வாங்கிக்கொண்டு புறப்படுவோர், அப்பகுதிக் குன்றுச் சரிவுகளில் நிற்கும் இறப்பர் மரங்களைக் கவனிப்பது அரிது. கேகாலை மாவட்டத்திலே பல குடும்பங்களுக்குச் சோறு போடுபவை அம்மரங்கள். நட்ட கன்று பால்வெட்டுக்கு வர ஆறேழு ஆண்டுகள் செல்லும். அதுவரை செலவேயன்றி வரவில்லை. அந்த இடைக்காலத்தில் வந்து மரத்தை வேரோடு சாய்க்கும் பகையே வெண்வேர் நோய்.

இதனை உண்டாக்குவது ரிஜிடோப்போரசு என்னும் பங்கசு. பழைய தோட்டத்தை வெட்டி மறுநடுகை செய்யும்போது மண்ணுள் விடப்படும் அடிக்கட்டைகளும் வேர்த்துண்டுகளுமே அதன் உறைவிடம். அங்கிருந்து வெண்ணிற நூல்போலப் புறப்பட்டு, வேரும் வேரும் தொடுமிடத்தில் அடுத்த மரத்தைப் பற்றுகின்றது. இலை மஞ்சளித்து வாடுவதைத் தோட்டக்காரர் காணும்போது வேர் பெரும்பாலும் அழுகிவிட்டிருக்கும்.

மருந்து ஊற்றினால் தீராதோ எனலாம். டெபுக்கொனசோல் போன்ற பங்கசுகொல்லியைக் கரைத்து வேரடியில் ஊற்றுவதால், தொடக்க நிலையிலுள்ள நோயை அடக்கலாம். ஆயினும் அம்மருந்து நண்பன், பகைவன் என்று பேதம் பாராட்டுவதில்லை. மண்ணிலே இயல்பாக வாழும் திரைக்கோடேர்மா என்னும் பச்சைநிறப் பங்கசு, பிற பங்கசுகளின் இழைகளைச் சுற்றிப் பிணைந்து, அவற்றின் சுவரைக் கரைத்து உண்பது. வைன்ட்லிங் என்னும் ஆராய்ச்சியாளர் 1932ஆம் ஆண்டிலேயே இதனை எடுத்துக்காட்டினார். அந்த நண்பனையும் மருந்து ஒடுக்கிவிடக்கூடும்.

ஆனால் இரண்டும் கைகோத்துப் பணிபுரிந்த வரலாறும் உண்டு. கலிபோர்னியாவின் தோடைத் தோட்டங்களில் ஆமில்லாரியா என்ற வேரழுகல் பங்கசுக்குக் காபனிருசல்பைட்டை மண்ணுட் செலுத்திவந்தனர். பிளிஸ் என்பார் 1951இல் வெளியிட்ட ஆய்வு வியப்புக்குரியது. சாதாரண மண்ணில் மருந்திட்டபோது ஆமில்லாரியா மடிந்தது. நுண்ணுயிர்களை முற்றாக நீக்கிய மண்ணில் அதே மருந்தை இட்டபோது மடியவில்லை. மருந்து பகைவனை நலியச் செய்தது. கொன்று முடித்தது திரைக்கோடேர்மா என்று அவர் கண்டார்.

இறப்பருக்கு இட்ட கந்தகத்தின் வேலையும் ஏறத்தாழ இத்தகையதே. நடுகுழியில் கலந்த கந்தகத்தை மண்ணிலுள்ள பற்றீரியாக்கள் அமிலமாக மாற்றுகின்றன. அமில மண்ணில் வெண்வேர்ப் பங்கசு தளர, திரைக்கோடேர்மா செழிக்கின்றது. இறப்பரோ அமில மண்ணைப் பொறுத்துக்கொள்ளும் மரம். வரிசைகளுக்கிடையே பியூராரியா போன்ற அவரைக்குலக் கொடிகளைப் படரவிட்டால், ஈரமும் இலைமக்கும் சேர்ந்து பழைய கட்டைகள் விரைவாக உக்கிவிடும். நோய்க்கு உணவில்லாமற் போகும்.

மருந்தை மட்டும் நம்பியதன் விளைவைத் தேயிலை கண்டிருக்கிறது. இலைச்சுருட்டிப் புழுவை அடக்க 1930களின் நடுப்பகுதியில் ஜாவாவிலிருந்து கொணர்ந்த ஒட்டுண்ணிக் குளவி, பல ஆண்டுகள் அப்புழுவைத் தலையெடுக்கவிடவில்லை. பின்னர்க் கிளைகளைத் துளைக்கும் வண்டுக்காக டீல்ட்ரின் தெளித்தபோது, குளவி மடிந்து புழு மீண்டும் பெருகியது. பணம் கொடுத்து வாங்கிய தொல்லை அது!

ஆகவே மருந்து எங்கே, எப்பொழுது என்பதே கேள்வி. கண்ட இடமெல்லாம் ஊற்றாது, நோயுற்ற மரத்துக்கும் அதன் அண்டை மரங்களுக்கும் மட்டும் ஊற்றுதல் வேண்டும். திரைக்கோடேர்மா கலந்த கூட்டெருவை அதே நாளில் அதே குழியில் இடலாகாது. நோயற்ற வரிசைகளுக்கும் புதுக்குழிகளுக்கும் அதனை ஒதுக்குவது தகும். நோயுற்ற மரத்தை முன்னரே அறியவும் எளிய உபாயம் ஒன்றுண்டு. கன்றின் அடியைச் சுற்றி வைக்கோலோ புல்லோ பரப்பி, இரண்டு மூன்று வாரங்களின் பின் விலக்கிப் பார்த்தால், நோயுள்ள இடத்தில் வெண்ணிற நூல்கள் மேலேறி நிற்கும். இலை பச்சையாயிருக்கும்போதே அந்நூல்களைக் கண்டுவிட்டால், மரத்தைக் காப்பாற்ற இன்னும் காலமுண்டு.