மெல்ல ஏறுக

நுழையும்முன்

மலைவழியில் உடல் வலிமையைவிட நிதானமே பெருந்துணை. அதன் காரணத்தை, நேபாள நாட்டின் நெடும்பாதை ஒன்றில் ஒருநாள் நடையைக் கொண்டு இப்பாடம் விளக்குகிறது.

பாடம்

எவரெஸ்ட் மலையின் அடிவார முகாமைக் காண விரும்புவோர், நேபாளத்தின் லுக்லா என்னும் ஊரிலிருந்து நடக்கத் தொடங்குகின்றனர். அவ்வூருக்கு அப்பால் மோட்டார் வண்டிகள் செல்வதில்லை. அரிசி முதல் அடுப்பு எரிவாயு உருளை வரை பெரும்பாலான பொருள்கள் மனிதர் முதுகிலும் விலங்குகளின் முதுகிலுமே மேலேறுகின்றன. முகாமை அடைய எட்டு நாள்கள் வரை ஆகும். அவற்றுள் இரண்டாம் நாள் நடை கடினமானது. அன்று 2,610 மீட்டர் உயரத்திலுள்ள பாக்டிங்கிலிருந்து, 3,440 மீட்டர் உயரத்திலுள்ள நாம்சே பஜாரை அடைய வேண்டும். தொலைவு ஏறத்தாழ 10 கிலோமீட்டர்தான். சமவெளியில் இரண்டரை மணி நேரத்தில் நடந்துவிடலாம். இங்கோ ஆறு மணி நேரமும் அதற்கு மேலும் ஆகிறது.

காலை நடை தூத்கோசி ஆற்றை ஒட்டிச் செல்கிறது. தூத் என்றால் பால். பனியாறுகள் பாறையை அரைத்த நுண்துகள்கள் கலந்து வருவதால் நீர் வெளிறிய நிறத்தில் ஓடுகிறது. தமிழில் பெயரிட்டால் இதுவும் ஒரு பாலாறே. பாதை ஆற்றைப் பலமுறை கடக்கிறது. கடக்குமிடங்களில் எஃகு வடங்களால் ஆன தொங்குபாலங்கள் உள்ளன. மந்திரங்கள் அச்சிட்ட வண்ணக்கொடிகள் அவற்றில் படபடக்கின்றன. மேலே ஏறிய பாதை மீண்டும் கீழே இறங்குவதால், அரும்பாடுபட்டு ஏறிய உயரம் வீணாகிவிட்டதுபோல் தோன்றும். களைப்பு அங்கேயே தொடங்கிவிடுகிறது.

மோஞ்சோ என்னும் ஊரை அடுத்துச் சாகர்மாதா தேசியப் பூங்காவின் நுழைவாயில் உள்ளது. 1976-இல் அமைக்கப்பட்ட இப்பூங்காவை 1979-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அடுத்துள்ள ஜோர்சாலேவில் நடைப்பயணிகள் பலர் உணவு உண்கின்றனர், நீர்ப்புட்டிகளையும் நிரப்பிக்கொள்கின்றனர். அதன்பின் நாம்சே வரை ஊர் ஏதும் இல்லை.

ஆற்றின் மேல் மிக உயரத்தில் தொங்கும் பாலம் ஒன்றைக் கடந்ததும் உண்மையான ஏற்றம் தொடங்குகிறது. ஏறத்தாழ 600 மீட்டர் உயரத்தை இடையில் இறக்கமின்றி ஏற வேண்டும். பைன் மரங்களுக்கிடையே பாதை வளைந்து வளைந்து செல்கிறது. சுமையேற்றிய மாடுகள் வரிசையாக வரும்போது, நடப்பவர் மலைச்சரிவை ஒட்டி நிற்க வேண்டும். பள்ளத்தின் பக்கம் நின்றால், மாட்டின் சுமை இடித்துக் கீழே தள்ளிவிடக்கூடும்.

இங்கு ஒவ்வோர் அடிக்கும் மூச்சு வாங்குவது ஏன்? காற்றில் ஆக்சிஜனின் விகிதம் எங்கும் ஒன்றுதான். ஆயினும், உயரம் கூடக் கூடக் காற்றழுத்தம் குறைகிறது. நாம்சேயில் ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன், கடல்மட்டத்தில் கிடைப்பதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கே. இக்குறையை ஈடுசெய்ய நுரையீரல் வேகமாக இயங்குகிறது. இதயம் மிகுதியாகத் துடிக்கிறது. உடல் இந்நிலைக்குப் பழகச் சில நாள்கள் வேண்டும். அவசரம் அந்த நாள்களை உடலுக்குத் தருவதில்லை.

அதே ஏற்றத்தில் சுமையாளர்களும் ஏறுகின்றனர். மூங்கிற்கூடையைத் தாங்கும் பட்டையை நெற்றியில் மாட்டி, பாரம் முழுவதையும் தலையாலும் முதுகாலும் தாங்குகின்றனர். 2005-இல் வெளியான ஆய்வொன்றின்படி, இவ்வழியில் சென்ற ஆண் சுமையாளர்கள் சராசரியாகத் தம் உடல் எடையில் 93 விழுக்காடு சுமந்தனர். அவர்கள் மிக மெதுவாக நடக்கின்றனர். சிறிது தூரத்திற்கு ஒருமுறை நிற்கின்றனர். கையிலுள்ள குட்டைத்தடியைக் கூடைக்குக் கீழே முட்டுக்கொடுத்து, சுமையை இறக்காமலேயே இளைப்பாறுகின்றனர். ஆனால், அவர்களையும் மலை விட்டுவைப்பதில்லை. தாழ்ந்த பள்ளத்தாக்குகளிலிருந்து கூலிக்கு வருவோர் பலர். உயரம் அவர்களையும் வருத்தும்.

வலிமை மிக்க இளைஞர் சிலர் இவர்களை முந்திக்கொண்டு விரைகின்றனர். மாலையில் தலைவலி, குமட்டல், பசியின்மை, உறக்கமின்மை ஆகியவை தோன்றலாம். இவை மலைநோயின் அறிகுறிகள். இளமையும் உடற்பயிற்சியும் இந்நோயைத் தடுப்பதில்லை. இதைவிடப் பெரிய ஆபத்து, நோயை மறைப்பதாகும். உடன்வந்தோர் பயணம் தடைப்படுமே என்ற தயக்கத்தாலோ, வெட்கத்தாலோ சிலர் வாய் திறப்பதில்லை. அறிகுறி இருக்கும்போது மேலே ஏறக்கூடாது. அது மிகுந்தால், இரவானாலும் கீழே இறங்க வேண்டும். தவறினால் நுரையீரலில் நீர் கோக்கலாம், மூளை வீங்கலாம், உயிரே போகலாம்.

ஆகவே, 3,000 மீட்டருக்கு மேல் உறங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளில் ஏறத்தாழ 500 மீட்டருக்கு மேல் கூட்டலாகாது என்பர். நாம்சேயை அடைந்தோர் அங்கு இரண்டு இரவுகள் தங்குவது வழக்கம். ஓய்வுநாளில் சற்று மேலே ஏறிவிட்டு, உறங்குவதற்குக் கீழே வந்துவிடுகின்றனர். 1953-இல் எவரெஸ்ட் உச்சியை எட்டிய டென்சிங்கும் ஹிலாரியும் இடம்பெற்ற குழுவினரும், மலையேற்றத்துக்கு முன் சில வாரங்களை உடலைப் பழக்குவதற்கே செலவிட்டனர்.

மாலையில் நாம்சேயின் கற்படிகளை அடைபவருக்குக் கால் கடுக்கும், தோள் வலிக்கும். முதலில் வந்தவர் யார் என்று அங்கு எவரும் கேட்பதில்லை. மறுநாள் காலையில் நலமாக எழுபவரே பயணத்தைத் தொடர்கிறார். பதறாத காரியம் சிதறாது என்னும் பழமொழி மலைக்கும் பொருந்துகிறது.

சொற்பொருள்

வடம் – தடித்த கயிறு
நுண்துகள் – மிகச் சிறிய தூள்
விழுக்காடு – சதவீதம்
முட்டுக்கொடுத்தல் – சாயாமல் தாங்கச் செய்தல்
இளைப்பாறுதல் – களைப்பு நீங்க ஓய்வெடுத்தல்

சிந்தித்து எழுதுக

1. தூத்கோசி ஆறு அப்பெயர் பெறக் காரணம் யாது?
2. சுமையாளர்கள் சுமையை இறக்காமல் இளைப்பாறும் முறையை விளக்குக.
3. உன் நண்பன் மலைப்பயணத்தில் தலைவலியை மறைப்பதாக அறிகிறாய். அவனிடம் என்ன கூறுவாய்? ஐந்து வரிகளில் எழுதுக.