உருளும் இல்லம்: உமணர் சகடமும் இன்றைய கேரவனும்

முன்னுரை

இல்லம் ஓரிடத்தில் நிலைபெறுவது. ஊர்தி இடம்விட்டு இடம் பெயர்வது. இவ்விரண்டும் ஒன்றாகிய அமைப்பையே இன்று 'கேரவன்' என வழங்குகிறோம். படப்பிடிப்புத் தளங்களில் திரைக்கலைஞர் தங்கும் ஊர்தியின் பெயராகவே இச்சொல் நம் மக்களுக்குப் பெரிதும் அறிமுகமாயிற்று. ஆயினும் இதன் வரலாறு நீண்டது. பாரசீக மொழியில் 'கார்வான்' என்பது பாலைவழியில் பாதுகாப்புக் கருதிக் கூடிச் செல்லும் பயணக் குழுவைக் குறித்தது. அரபு மொழியில் இதனைக் 'காஃபிலா' என்பர். பழந்தமிழில் 'சாத்து' என்றனர். ஐரோப்பிய மொழிகளிற் புகுந்தபின், குழுவைக் குறித்த சொல் காலப்போக்கில் வீடு போன்ற ஊர்தியையும் குறிக்கலாயிற்று.

நடுவணரசின் சுற்றுலா அமைச்சகம் கேரவன் சுற்றுலாவுக்கெனக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. 2021-இல் கேரள அரசு தனித் திட்டம் தொடங்கியது. இவ்வூர்தி செல்வர்க்கே உரியது என்று நாம் ஒதுக்கிவிட இயலாது. நாகூருக்கும் ஏர்வாடிக்கும், வேளாங்கண்ணிக்கும் சபரிமலைக்கும் வேன் அமர்த்திக்கொண்டு, அடுப்பும் அரிசியும் பாயும் தலையணையும் ஏற்றிச் செல்லும் மதுரை வட்டாரக் குடும்பங்கள் எத்தனையோ! அவ்வூர்திகளும் சில நாள்களுக்கு வீடுகளே. ஊர்தியை வீடாகக் கொள்வோர் அறியவேண்டியவை யாவை என்பதை, நம் இலக்கியமும் மார்க்க நெறியும் அண்மைக்கால நிகழ்ச்சிகளும் தரும் ஒளியில் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெரும்பாணாற்றுப்படை காட்டும் வண்டி வீடு

தமிழகத்தில் ஊர்தியிலேயே குடும்பம் நடத்தியோர் உமணர். கடற்கரையில் விளைந்த உப்பை உள்நாட்டு ஊர்களுக்குக் கொண்டு சென்று விற்ற வணிகர் இவர்கள். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை இவர்தம் வண்டியை உறுப்பு உறுப்பாக வருணிக்கிறது. முழவு போன்ற உருளை, கணையமரம் போன்ற பருத்த பார், மழை கவிந்த குன்றம் போன்ற மேற்கூரை என அமைப்பைக் கூறிய புலவர், அடுத்து வீட்டுப் பொருள்களைக் காட்டுகிறார். புனம் காப்போர் குடிசை போன்ற கூட்டில் கோழி தங்குகிறது. சிறிய உரல் ஒன்று தொங்குகிறது. வண்டியின் முகப்பில் காடி வைத்த கலம் கயிற்றால் கட்டப்பட்டுள்ளது. கைக்குழந்தையுடைய பெண் எருதுகளைச் செலுத்துகிறாள். வலிமை மிக்க ஆடவர் இருமருங்கும் காத்து நடக்கின்றனர்.

இவ்வருணனையில் அழகு மட்டுமன்றி அமைப்பறிவும் உண்டு. வண்டி வீட்டில் ஒவ்வொரு பொருளுக்கும் குறித்த இடம் இருத்தல் வேண்டும். ஓட்டத்தில் ஆடக்கூடியவை கட்டப்பட்டிருத்தல் வேண்டும். கெட்டுப்போகாத உணவு கைக்கெட்டும் தொலைவில் இருத்தல் வேண்டும். இன்றைய கேரவனுக்கும் இவை பொருந்தும். எடை மிகுந்த தண்ணீர்த் தொட்டி, மின்கலம், அரிசி மூட்டை ஆகியவற்றைத் தரைத்தளத்தில், இரு அச்சுகளுக்கும் இடைப்பட்ட பகுதியில் வைத்தல் நன்று. உயரத்தில் வைத்தால் வளைவுகளில் வண்டி சாயும். மேலடுக்குகளில் துணியும் படுக்கையும் போதும். வெண்கலப் பானையும் இரும்புத் தோசைக்கல்லும் மேலே இருப்பின், திடீரெனத் தடையை அழுத்தும்போது அவை தலைமேல் விழும்.

நல்லூர் நத்தத்தனாரின் சிறுபாணாற்றுப்படையோ, உமணரோடு வந்த மந்தி அவர்தம் புதல்வரோடு கிலுகிலுப்பை ஆடும் காட்சியைத் தருகிறது. நெடும்பயணத்திலும் சிறுவர்க்கு விளையாட்டு வேண்டும் என்பதை இதனால் உணரலாம். இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை வண்டியை நிறுத்திப் பிள்ளைகளை இறக்கி ஓடவிடும் குடும்பமே சலிப்பின்றி ஊர்போய்ச் சேரும்.

சேம அச்சு

புறநானூற்றின் 102-ஆம் பாடலில் ஔவையார், பொகுட்டெழினியை உமணர் வண்டியின் சேம அச்சுக்கு ஒப்பிடுகிறார். எருதுகள் இளையவை, பாரம் மிகுதி, மேட்டிலும் பள்ளத்திலும் என்ன நேருமோ என்று எண்ணி, உமணர் முதல் அச்சின்கீழ் மற்றோர் அச்சையும் கட்டிச் சென்றனராம். நாம் 'ஸ்டெப்னி' என்று கூறும் மாற்றுச் சக்கரத்தின் முன்னோடி இதுவேயாகும்.

மாற்றுச் சக்கரம் இருந்தால் மட்டும் போதாது. அதில் காற்று இருத்தல் வேண்டும். சக்கரத்தைக் கழற்றும் கருவியும், முழுப் பாரத்தையும் தாங்கவல்ல ஜாக்கியும் உடன் வேண்டும். காற்றழுத்தத்தைப் புறப்படுமுன், சக்கரம் குளிர்ந்திருக்கும் காலை வேளையில் பார்த்தலே சரியான அளவைத் தரும். வண்டியை இயக்கும் மின்கலத்தையே விளக்குக்கும் விசிறிக்கும் பயன்படுத்தினால் மறுநாட்காலை வண்டி கிளம்பாது. தங்கும் தேவைக்கெனத் தனி மின்கலம் ஒன்று வைத்து, அதனைக் கூரைமேல் பொருத்திய சூரியத் தகட்டால் மின்னேற்றம் செய்தல் இன்றைய சேம அச்சாகும்.

இறங்கித் தங்கும் இடம்

ஆற்றுப்படை நூல்கள் வழிகாட்டும் இலக்கியங்கள். அவற்றுள் மலைபடுகடாம், பன்றிக்கு வைத்த பொறிகள் உள்ள வழியில் நள்ளிரவிற் செல்லாது, விடியும்வரை தங்கிப் பின்னர்ச் செல்லுமாறு கூத்தரை அறிவுறுத்துகிறது. இரவில் தங்கும்போது பாதையை விட்டு விலகித் தங்குமாறும், அது விலங்குகளும் நச்சுயிரிகளும் வரும் வழி என்றும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதாக ஹதீஸ் நூல் கூறுகிறது. இன்று அவ்வழியில் வருவன சரக்குந்துகள் ஆகும். நான்குவழிச் சாலையின் ஓரத்தில் நிறுத்திய வண்டியின் பின்புறம், உறக்கக் கலக்கத்தில் வரும் வாகனம் மோதும் செய்தியை நாம் அடிக்கடி படிக்கிறோம். ஆதலால் சாலையோரம் உறங்குதல் ஆகாது. பெட்ரோல் நிலையம், உணவு விடுதி, பள்ளிவாசல், கோயில் ஆகியவற்றின் வளாகத்தில் உரியவரிடம் ஒப்புதல் பெற்றுத் தங்குதலே முறை.

மதுரைச் சமவெளியில் வேறொரு மயக்கமும் உண்டு. வறண்டு கிடக்கும் வைகை மணலும் கண்மாயின் உட்பகுதியும் ஓடைக்கரையும் தங்குவதற்கு ஏற்ற திடல்போலத் தோன்றும். வடகிழக்குப் பருவமழைக் காலமாகிய ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இவை ஓரிரவிலேயே நீர்வழியாக மாறிவிடும். இங்கு மழை இல்லாதபோதும், மேற்கே மலைப்பகுதியில் பெய்த மழையாலோ வைகை அணையிலிருந்து திறந்துவிடும் நீராலோ ஆறு பெருகலாம். மேட்டு நிலத்தையே நாடுதல் வேண்டும். அறுவடை முடிந்த வயல்களில் ஆட்டுக்கிடை போட்டு ஊர் ஊராகப் பெயரும் கீதாரிகள் நிலத்தின் வாட்டத்தை நன்கறிந்தவர்கள். அத்தகைய உள்ளூர் மக்களிடம் கேட்டறிதல் நலம்.

தீயும் புகையும்

இப்பொருளில் நாம் மிகுதியும் கருத்துச் செலுத்தவேண்டிய பகுதி இதுவே. 2023 ஆகஸ்டு 26 அன்று விடியற்காலையில், மதுரைச் சந்திப்பின் அருகே நிறுத்தி வைக்கப்பட்டிருந்த சுற்றுலா இரயில் பெட்டி ஒன்றில் தீப்பற்றியது. இலக்னோவிலிருந்து ஆகஸ்டு 17 அன்று புறப்பட்டுத் தென்னகத் திருத்தலங்களைக் கண்டுவந்த 60-க்கும் மேற்பட்ட பயணிகளுக்கு அப்பெட்டியே பல நாள்களாக வீடாக இருந்தது. விதியை மீறி உள்ளே கொண்டுவந்த சமையல் எரிவாயு உருளையே தீக்குக் காரணமாயிற்று. 9 பேர் உயிரிழந்தனர். நம் நகரில், நாம் நாள்தோறும் கடந்து செல்லும் இருப்புப்பாதையின் ஓரத்தில் நிகழ்ந்த இத்துயரம், உருளும் இல்லத்தில் வாழ்வோர் அனைவர்க்கும் ஒரு பாடமாகும்.

எரிவாயு காற்றினும் கனமானது. கசியும்போது அது மேலெழுந்து வெளியேறாமல் தரையில் தேங்கும். நீர்ம நிலையிலிருந்து வளிநிலைக்கு மாறுகையில் ஏறத்தாழ 250 மடங்கு விரியும். அகன்ற வீட்டில் கலைந்துபோகும் கசிவும், சிறிய ஊர்தியில் பேராபத்தாக முடியும். ஆகவே,

1. வேனிலும் பேருந்திலும் பயணம் செய்வோர் சமையலை வண்டிக்கு வெளியே, திறந்த வெளியில் மட்டுமே செய்தல் வேண்டும். இரயில் பெட்டியில் உருளை, அடுப்பு, மண்ணெண்ணெய் எதனையும் ஏற்றுதல் சட்டப்படி குற்றம்.

2. சமையலறையுடன் அமைந்த கேரவனில் உருளைக்குத் தனி அறை வேண்டும். அதன் தரைமட்டத்தில் வெளிப்புறம் திறக்கும் காற்றுத்துளை இருத்தல் வேண்டும். வண்டி ஓடும்போதும் உறங்கும்போதும் உருளையின் வால்வை மூடிவிடுதல் வேண்டும்.

3. கசிவு வாடை தெரிந்தால் எந்த மின்சுவிட்சையும் போடவோ அணைக்கவோ கூடாது. கதவுகளைத் திறந்து, முதலில் மக்களை வெளியேற்றுதல் வேண்டும்.

4. தீயணைப்புக் கருவி வாயிலின் அருகில் இருத்தல் வேண்டும். அடுப்பின் பின்புறம் இருந்தால், தீப்பற்றியபோது அதனை எட்ட இயலாது. வெளியேறும் வழியில் மூட்டைகளை அடுக்கலாகாது. உறங்குமுன் பூட்டும் கதவு, சாவியின்றி உள்ளிருந்து திறக்கத்தக்கதாக இருத்தல் வேண்டும்.

உறங்கும்போது வீட்டில் நெருப்பை எரியவிட வேண்டாம் என்பது பெருமானார் (ஸல்) அவர்களின் அறிவுரைகளுள் ஒன்று. தீயினும் கொடியது கண்ணுக்குத் தெரியாத நச்சுவளி. 2024 திசம்பரில் கேரளத்து வடகரையில், சாலையோரம் நிறுத்தியிருந்த கேரவனுக்குள் இருவர் இறந்து கிடந்தனர். மின்னாக்கியிலிருந்து வெளிவந்த கார்பன் மோனாக்சைடு உட்புகுந்ததே காரணம் என ஆய்வில் தெரியவந்தது. இவ்வளிக்கு நிறமில்லை, மணமில்லை. உறங்குவோரை எழுப்பாமலே கொன்றுவிடும். குளிர்சாதனத்திற்காக மின்னாக்கியை ஓடவிட்டு உறங்குதல் கூடாது. மின்னாக்கி வண்டியை விட்டுத் தள்ளி, காற்று வீசும் திசையில் வண்டிக்கு அப்பால் இருத்தல் வேண்டும். மழையில் குளிர் காயக் கரியடுப்பை உள்ளே வைத்தலும் இதே ஆபத்தைத் தரும்.

நீரும் கழிவும்

சமையல், குடிநீர், கைகால் கழுவுதல் ஆகியவற்றிற்குச் சிக்கனமாகக் கணக்கிட்டாலும், நால்வர் கொண்ட குடும்பத்திற்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 100 லிட்டர் வேண்டும். அதன் எடை 100 கிலோ என்பதை மறத்தலாகாது. மூன்று நாள் நீரை ஒருசேரச் சுமப்பதினும் நாள்தோறும் நிரப்பிக் கொள்வதே ஏற்றது. குடிநீருக்குத் தனிக் கலம் வேண்டும். ஒளூவில் நீர் விரயம் ஆகாது என்பதும், நீர் கிடைக்காதவிடத்துத் தயம்மும் செய்யலாம் என்பதும் நம் மார்க்கம் பயணிக்குக் கற்பித்துள்ள சிக்கனமும் சலுகையும் ஆகும்.

கழிவறையுடைய கேரவன் பெண்களுக்கும் முதியோர்க்கும் பெரும் உதவி. ஆனால் அதன் கழிவை எங்கே சேர்ப்பது? மக்கள் நடக்கும் பாதையிலும், தங்கும் நிழலிலும், நீர்த்துறையிலும் மலசலம் கழித்தல் சாபத்திற்குரிய செயல் என நபிமொழி எச்சரிக்கிறது. கால்நடை நீர் அருந்தும் கண்மாயில் இரவோடிரவாகக் குழாயைத் திறந்துவிடுதல் அச்செயலின் பாற்படும். கழிவுநீர் ஊர்தியை வரவழைத்து அகற்றுதலோ, ஒப்புதல் பெற்று விடுதியின் கழிவுத் தொட்டியில் சேர்த்தலோ வேண்டும். பணம் தந்து வேறொரு மனிதரைக் கையால் அகற்றச் செய்தல் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். மனித மாண்புக்கும் இழுக்கு. நம் வசதிக்காகப் பிறர் இழிவுறலாகாது.

வெயிலும் உடல்நலமும்

சித்திரை, வைகாசித் திங்களில் மதுரையின் வெப்பம் 40 பாகை செல்சியசைத் தொடும். இரும்புடல் கொண்ட ஊர்தி அவ்வேளையில் அடுப்பாகிவிடும். நிறுத்திய வண்டிக்குள் குழந்தையையோ முதியவரையோ சிறிது நேரமும் தனியே விடலாகாது. வேம்பு, புங்கு ஆகியவற்றின் நிழல் நன்று. தென்னையின் கீழ் நிறுத்தினால் நெற்றும் மட்டையும் விழும். எதிரெதிர்ச் சாளரங்களைத் திறந்து காற்றோட்டம் தருதலும், கூரைக்கு வெண்ணிறம் பூசுதலும் குறைந்த செலவில் நிறைந்த பயன் தருவன.

14-ஆம் நூற்றாண்டில் மதுரைக்கு வந்த உலகப் பயணி இப்னு பதூதா, இந்நகரில் அப்போது கொள்ளைநோய் பரவியிருந்ததையும் தாமும் காய்ச்சலுற்றதையும் பதிவு செய்துள்ளார். இங்கு மலிந்து கிடைத்த புளியை நீரிற் கரைத்துக் குடித்துக் குணம் பெற்றதாகவும் அவர் எழுதியுள்ளார். இன்றைய பயணி புளிக்கரைசலை நம்பவேண்டியதில்லை. உப்பு - சர்க்கரைக் கரைசல் பொட்டலங்களும், வழக்கமாக உண்ணும் மருந்துகளும், மருத்துவச் சீட்டின் நகலும் உடன் இருந்தால் போதும். காய்ச்சல் கண்டவர் பயணத்தை நிறுத்தி மருத்துவரை அணுகுதலே அறிவுடைமை.

சட்டமும் ஓட்டுநரும்

பழைய வேனை வாங்கி நாமே வீடாக மாற்றிவிடலாம் என எண்ணுவோர் உளர். மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள அமைப்பினின்றும் மாறுபடும்படி ஊர்தியைத் திருத்துதலைத் தடுக்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019-இல் இதனை வலியுறுத்தியது. ஆதலால் வேலையைத் தொடங்குமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுத் தெளிதல் வேண்டும். இன்றேல் விபத்து நேரும்போது காப்பீட்டுத் தொகை பெறுவதும் சிக்கலாகலாம். கொடைக்கானல் செல்வோர், 2024 மே மாதம் தொடங்கிய இ-பாஸ் முறையையும் மலைச்சாலையில் நீண்ட ஊர்திகளுக்குரிய கட்டுப்பாடுகளையும் முன்கூட்டியே அறிந்துகொள்ளுதல் நலம்.

ஓட்டுநர் நிலையே எல்லாவற்றினும் முதன்மையானது. பகல் முழுதும் ஊர் காட்டிவிட்டு இரவு முழுதும் ஓட்டுமாறு அவரை வற்புறுத்துதல், வண்டியிலுள்ள அனைவர் உயிரையும் பணயம் வைப்பதாகும். வாடகை மிச்சம் என்று எண்ணும் ஓரிரவு, ஒரு குடும்பத்தையே இழக்கச் செய்யலாம். எல்லோர்க்கும் படுக்கை விரிக்கும்போது அவருக்கும் நல்லதோர் இடம் ஒதுக்கவேண்டும். மூவர் பயணம் சென்றால் ஒருவரைத் தலைவராக்கிக் கொள்ளுமாறு நபிமொழி கூறுகிறது. எங்கே நிறுத்துவது, எப்போது புறப்படுவது என்பனவற்றை அத்தலைவர் ஓட்டுநரோடு கலந்து முடிவு செய்தல் வேண்டும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், உமணர் வண்டி வீட்டின் ஒழுங்கும், சேம அச்சு உணர்த்தும் முன்னெச்சரிக்கையும், நபிமொழி காட்டும் தங்குமிட நெறியும் தூய்மையும் தீப்பாதுகாப்பும் இன்றைய கேரவனுக்கும் உரியனவே என்பது புலனாகும். குளிர்சாதனமும் மெத்தையும் பணத்தால் அமைவன. மூடிய வால்வும், உறங்கி எழுந்த ஓட்டுநரும், மாசுபடாத கண்மாயும் நம் பொறுப்புணர்வால் அமைவன. விடுமுறையில் குடும்பத்தோடு வேன் ஏறவிருக்கும் மாணவச் செல்வங்கள், மூட்டை கட்டும் வேளையில் தீயணைப்புக் கருவி எங்கே இருக்கிறது என்று ஒருமுறை கேட்டு அறிவார்களாயின், இக்கட்டுரை தன் பயனைப் பெற்றதாகும்.