அம்பாசிடரா? பத்மினியா?



எங்க தாத்தா அம்பாசிடர் டாக்சி ஓட்டியவர். அவர் கூட்டாளியோ பத்மினிக்காரர். எது நல்ல கார் என்று இன்னும் சண்டைதான்!

தாத்தா வண்டியின் பெட்ரோல் இன்ஜின் 1489 சி.சி. மேற்கு வங்காளம் உத்தரபாராவில் 2014 வரை அம்பாசிடர் செய்தார்கள். மும்பை குர்லாவில் செய்த பிரீமியர் பத்மினி 1089 சி.சி.தான். 400 சி.சி. குறைவு. ஆனால் எடையும் குறைவு, அதனால் சின்ன இன்ஜினே போதும். சந்தில் சுலபமாகத் திரும்பும். மும்பையில் 2023 வரை டாக்சியாக ஓடியது.

அம்பாசிடர் கனம், ஆனால் உள்ளே இடம் அதிகம். நான் பிறந்த ராத்திரி அம்மாவைப் பின்சீட்டில் படுக்க வைத்துத்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாராம் தாத்தா.

இப்போ அது கடல் உப்புக்காற்றில் துருப்பிடித்து நிற்கிறது. காயலான் கடைக்குப் போடலாம் என்கிறார் அப்பா.

வேண்டாம்ப்பா! என் ஓட்டு அம்பாசிடருக்கே. உங்க ஓட்டு எதுக்கு?

— ஒன்பதாம் வகுப்பு மாணவி, நல்லவாடு