அகல நின்று ஆடுதல்

நம் பள்ளித் திடலின் புல்லைச் சற்று உற்று நோக்குவோர்க்கு ஓர் உண்மை புலப்படும். இரு கோல் கம்பங்களுக்கு முன்னும் புல் தேய்ந்து செம்மண் தெரிகிறது. நடுவட்டத்திலும் அவ்வாறே. ஆனால் பக்கக் கோடுகளை ஒட்டிய பகுதியில் புல் கணுக்கால் அளவு செழித்து நிற்கிறது. நம் மாணவர் எங்கே விளையாடுகின்றனர், எங்கே விளையாடுவதே இல்லை என்பதற்கு அப்புல்லே சாட்சி.

பத்து வயதுச் சிறுவர் பந்தைக் கண்டால் அதனை மொய்த்துக்கொள்வது இயல்பு. அதனைக் குற்றமாகக் கொள்ளல் ஆகாது. பந்தின்மீது கொண்ட ஆசையே அதற்குக் காரணம். எனினும் அக்கூட்டத்துக்குள் நடப்பது என்ன? உடல் வலிமையுள்ள இரண்டு மூன்று பேர் முட்டி மோதிப் பந்தை எடுத்துக்கொள்கின்றனர். மெலிந்த பிள்ளை, கூச்சமுள்ள பிள்ளை, இவ்வாண்டுதான் காலணி அணிந்து விளையாட வந்த பிள்ளை, இவர்கள் ஆட்டம் முழுவதும் ஓடியும் பந்தை நான்கைந்து முறைகூடத் தொடுவதில்லை. சில வாரங்களில் திடலுக்கு வருவதையே நிறுத்திவிடுகின்றனர். ஜொகூர் மாநிலத் தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகள் பலவற்றில் மாணவர் எண்ணிக்கை மிகக் குறைவு என்பதை யாவரும் அறிவர். ஒரு வகுப்பு முழுவதையும் சேர்த்தாலும் ஓர் அணி தேறாத பள்ளிகளும் உண்டு. அத்தகைய நிலையில் ஒரு பிள்ளை விலகினாலும் அணிக்குப் பேரிழப்பாகும். ஆகவே திடலின் அகலத்தைப் பயன்படுத்தக் கற்பித்தல் வெற்றிக்கான உத்தி மட்டுமன்று. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஆட்டத்தில் இடம் தேடித் தரும் வழியும் ஆகும்.

தோட்டத்தில் உழைக்கும் பெற்றோர்க்கு இதனை விளக்க நெடுநேரம் தேவையில்லை. பால்மரக் காலத்திலும் சரி, இன்றைய செம்பனைக் காலத்திலும் சரி, ஆளுக்கொரு நிரை பிடித்தே வேலை நடக்கிறது. எல்லாரும் ஒரே நிரையில் புகுந்தால் வேலை முடியாது. ஒருவர் கையை ஒருவர் இடிப்பதுதான் மிஞ்சும். திடலிலும் நிரைகள் உள்ளன. கண்ணுக்குத் தெரியும் கோடுகளாக அவை வரையப்படவில்லை என்பதே வேறுபாடு.

பந்து ஓடும் வேகத்துக்கு மனிதன் ஓட முடியாது. முப்பது மீட்டர் அகலமுள்ள சிறு திடலில் ஒரு கோட்டிலிருந்து மறு கோட்டுக்கு ஓட நம் மாணவனுக்கு ஏறத்தாழ 5 அல்லது 6 வினாடி பிடிக்கும். தரையோடு நன்றாகத் தட்டிவிடப்பட்ட பந்து அதில் பாதி நேரத்தில் சென்று சேர்ந்துவிடும். எனவே நம் அணியில் இருவர் இரு ஓரங்களிலும் நின்றால் எதிரணியினர் இக்கட்டில் சிக்குகின்றனர். ஓரத்தைக் காக்கச் சென்றால் நடுவில் வழி திறக்கிறது. நடுவைக் காத்தால் ஓரம் திறந்து கிடக்கிறது. கோல் வாயிலின் அகலம் பெரியவர் ஆட்டத்தில் 7.32 மீட்டர், அனைத்துலக ஆட்டங்களுக்குரிய திடலின் அகலமோ 64 முதல் 75 மீட்டர். எட்டு மடங்குக்கு மேல் அகன்ற இடத்தை வைத்துக்கொண்டு கோலுக்கு நேரே மட்டும் முட்டிக்கொண்டிருப்பது அறிவுடைமை ஆகுமா?

இதற்குச் சான்று தேடி வெளிநாடு செல்ல வேண்டியதில்லை. 1997ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் நம் ஜொகூர் பாருவிலேயே, லார்க்கின் அரங்கில், ஜப்பானும் ஈரானும் மோதின. வெல்லும் நாட்டுக்கு 1998 உலகக் கிண்ணப் போட்டியில் இடம் உறுதி. ஜப்பான் அதற்குமுன் ஒரு முறைகூட உலகக் கிண்ணத்தில் ஆடியதில்லை. முதல் கோலை ஜப்பான் போட்டது; இடைவேளைக்குப்பின் ஈரான் இரண்டு கோல் போட்டு முந்திக்கொண்டது. 76ஆம் நிமிடத்தில் நக்காத்தா இடப்புறத்திலிருந்து உள்ளே அனுப்பிய பந்தை ஜோ தலையால் முட்டிக் கோலாக்கினார். ஆட்டம் சமமாயிற்று. கூடுதல் நேரத்தில், 118ஆம் நிமிடத்தில், நக்காத்தா உதைத்த பந்தைக் கோல் காவலர் தடுக்க, விலகி வந்த அப்பந்தை மாற்று ஆட்டக்காரரான ஒக்கானோ சறுக்கி விழுந்து வலைக்குள் தள்ளினார். கூடுதல் நேரத்தில் முதல் கோல் போட்டவரே வென்றவர் என்பது அன்றைய விதி. அந்த வெற்றியை ஜப்பானியர் இன்றும் நம் நகரின் பெயரோடு சேர்த்தே குறிப்பிடுகின்றனர். அன்று தோல்வியின் விளிம்பில் நின்ற அணியை மீட்டது ஓரத்திலிருந்து வந்த அந்த ஒரு பந்துதான் என்பது எங்கள் கருத்து.

நம் நாட்டு அணிக்கும் அத்தகைய நாள் ஒன்று வாய்த்தது. 2010 டிசம்பர் 26ஆம் நாள் புக்கிட் ஜாலில் அரங்கில், தென்கிழக்காசியக் கிண்ண இறுதியின் முதல் ஆட்டத்தில், மலேசியா இந்தோனேசியாவை 3-0 என வென்றது. அதன் முதல் கோல், நோர்ஷாருல் ஓரத்தில் பந்தைக் கைப்பற்றி உள்ளே தள்ளிக் கொடுக்க, சஃபி சாலி அடித்ததாகும். இரண்டாம் ஆட்டத்தில் 1-2 எனத் தோற்றபோதும் கிண்ணம் நமக்கே வந்தது. அவ்வணியின் பயிற்றுநர் கே. ராஜகோபால். அவ்வணியில் இடம்பெற்று, பின்னர் ஜொகூர் அணிக்காகப் பல ஆண்டுகள் ஆடிய எஸ். குணாளன், ஓரத்து ஆட்டக்காரராகவே பெயர் பெற்றவர். ஓரத்தில் நிறுத்தப்படுவதை இழிவாக எண்ணும் மாணவர் அவரை நினைத்துக்கொள்ளலாம்.

இனிப் பயிற்சிக்கு வருவோம். "விரிந்து நில், விரிந்து நில்" எனக் கூவுவதால் பிள்ளைகள் விரிவதில்லை. விரிந்தால்தான் பயன் கிடைக்கும் என்னும்படி ஆட்டத்தை அமைக்க வேண்டும். நாங்கள் முதலில் கையாளும் ஆட்டம் எளிது. நாற்பது எட்டு நீளம், முப்பது எட்டு அகலம் அளந்துகொள்கிறோம். பக்கத்துக்கு ஆறு பேர். கோல் காவலர் இல்லை. ஒவ்வொரு முனையிலும் நடுவில் ஒரு பெரிய கோலுக்குப் பதிலாக இரு மூலைகளுக்கருகே இரண்டு சிறு கோல்கள், தலைக்கு இரண்டு எட்டு அகலம். கம்பங்களுக்குப் பழைய சப்பாத்துகளோ மணல் நிரப்பிய போத்தல்களோ போதும். (பழைய பீங்கான் மங்குகள் வேண்டா, உடைந்தால் காலைக் கிழித்துவிடும்.) ஆட்டம் தொடங்கியதும் வழக்கம்போல் கூட்டம் ஒரு கோலை அடைத்துக்கொள்ளும். அப்போது ஊதலை ஒருமுறை ஊதி, எல்லாரையும் நின்ற இடத்திலேயே நிறுத்தி, "எந்தக் கோல் காலியாக இருக்கிறது?" என்று மட்டும் கேட்கிறோம். பன்னிரண்டு விரல்களும் மறுபக்கம் நீளும். வேறு விளக்கம் எதுவும் அன்று தேவைப்படுவதில்லை.

ஆனால் பந்தை அங்கே அனுப்புவது எப்படி? திடலின் குறுக்கே ஓங்கி உதைக்கும் வலிமை பத்து வயதுக் காலுக்கு இல்லை. உதைத்தாலும் பந்து இடையிலுள்ள எதிரணியினரிடமே போய்ச் சேரும். ஆகவே பின்னால் நிற்கும் தோழனுக்குத் தள்ளி, அவன் வழியாக மறு ஓரத்துக்குச் சேர்ப்பிக்க வேண்டும். "பின்னால் கொடுப்பது கோழைத்தனம்" எனக் கருதும் சிறுவருக்கு இதுவே மிகக் கடினமான பாடம். பெற்றோர் சிலருக்கும் அப்படித்தான்.

அடுத்த ஆட்டத்தில் இரு ஓரங்களிலும் ஆறு எட்டு அகலத்துக்கு ஒரு பாதை பிரிக்கிறோம். பந்து வைத்திருக்கும் அணியில் பக்கத்துக்கு ஒருவர் அப்பாதையில் நிற்கலாம். அவர் பந்தைத் தொடும்வரை எதிரணியினர் அதற்குள் நுழையலாகாது. அப்பாதை வழியாக வந்த பந்தில் விழும் கோலுக்கு இரண்டு புள்ளி. கூச்சமுள்ள பிள்ளைக்கு இந்த ஆட்டம் ஒரு வரம். யாரும் மோதாத இடத்தில் பந்தை அமைதியாக நிறுத்தி, தலைநிமிர்ந்து பார்க்க அதற்கு நேரம் கிடைக்கிறது. கோட்டுக்கு முதுகைக் காட்டி நின்றால் திடல் முழுவதும் கண்முன் விரியும் என்பதை அங்கேயே சொல்லிக்கொடுக்கிறோம்.

இரண்டு மூன்று வாரத்துக்குமேல் இந்த இரட்டைப் புள்ளியை வைத்திருத்தல் நன்றன்று. நடுவில் கோல் வாயில் திறந்து கிடக்கும்போதும் புள்ளிக்காகப் பந்தை ஓரத்துக்கே தள்ளும் பழக்கம் வந்துவிடுகிறது. ஓரத்தில் ஆள் நிற்பதே நடுவைத் திறப்பதற்குத்தான். திறந்தபின் நடுவே செல்வதுதான் முறை. அவ்வாறே பந்தை இழந்த கணத்தில் எல்லாரும் உள்ளே ஒடுங்க வேண்டும். மழைக்கு விரித்த குடையை வாசலில் மடக்குவது போல எனச் சொன்னால் பிள்ளைகள் சட்டென்று புரிந்துகொள்கின்றனர்.

ஓரத்தில் ஓடிக் கோல் கோடுவரை சென்றவன் பந்தை உயரத் தூக்கி அனுப்பத் தேவையில்லை. 1953ஆம் ஆண்டு இங்கிலாந்துக் கிண்ண இறுதியாட்டத்தில் 1-3 எனப் பின்தங்கியிருந்த பிளேக்பூல் அணி 4-3 என வென்றது. வலப்புற ஓரத்து ஆட்டக்காரரான ஸ்டான்லி மேத்தியூஸ் கோல் கோட்டருகிலிருந்து பின்னோக்கித் தள்ளிக் கொடுத்த பந்தே கடைசிக் கோலாயிற்று. சிறுவருக்கு உரிய வழி அதுவே. மேலும் பிஞ்சுத் தலைகளுக்குப் பந்து முட்டுதல் நல்லதன்று என்னும் கருத்து வலுத்துள்ளது. 2020ஆம் ஆண்டு இங்கிலாந்துக் காற்பந்துச் சங்கம் தொடக்கப்பள்ளி வயதினருக்குப் பயிற்சியில் தலையால் முட்டுதல் வேண்டா என அறிவுறுத்தியது. நாங்களும் அதனையே பின்பற்றுகிறோம்.

பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். ஓரத்தில் நிற்கும் பிள்ளை உங்களுக்கு மிக அருகில் நிற்கும் பிள்ளை. "சும்மா நிற்காதே, பந்திடம் ஓடு!" என நீங்கள் கோட்டருகிலிருந்து கூவும்போது, அது நிற்க வேண்டிய இடத்தை விட்டு மீண்டும் கூட்டத்துக்குள் ஓடிவிடுகிறது. ஒரு மாலை முழுவதும் கற்றுக்கொடுத்தது அந்த ஒரு குரலில் போய்விடும். ஆகவே கோட்டுக்கு ஐந்து எட்டுத் தள்ளி, கால்வாய் ஓரத்து மரநிழலில் நின்று பாருங்கள். பந்து வராத நேரத்திலும் உங்கள் பிள்ளை அங்கேயே நின்றால், ஆட்டம் முடிந்தபின் அதற்காகவே ஒரு சொல் பாராட்டுங்கள். எந்தப் பிள்ளையையும் ஆண்டு முழுதும் ஓரத்திலேயே நாங்கள் வைப்பதில்லை. ஆறு வாரத்துக்கொரு முறை இடம் மாற்றுகிறோம். பருவமழை தொடங்கி நடுத்திடல் சேறாகும் நவம்பருக்குள் எல்லாரும் ஒருமுறையேனும் ஓரத்தில் ஆடி முடித்திருப்பர்.