மலையோடையில் டிரவுட்

நாஞ்சில் நாட்டு மயிலாடியில் ஐப்பசி மழை தொடங்கினால் வாய்க்கால் நீர் செந்நிறமாகப் பெருகும். மழை விட்ட பொழுதில் ஈசல்கள் புற்றிலிருந்து கிளம்பிப் பறக்கும். நீர்மேல் வீழ்பவற்றை மீன்கள் துள்ளி விழுங்கும். பூச்சியைக் கண்டால் பாயும் மீனின் இவ்வியல்பைக் கொண்டே ஒரு தூண்டிற்கலை அமைந்தது. தமிழகத்தில் அக்கலைக்குரிய இடம் நீலகிரி. அதற்குரிய மீன் டிரவுட்.

இம்மீன் நீலகிரிக்கு உரியதன்று. 1863ஆம் ஆண்டில் பிரான்சிஸ் டே என்னும் மீனியல் அறிஞர் இதனை அங்குக் கொண்டுவர முயன்று தோல்வியுற்றார். குளிர்நாட்டு மீன் முட்டைகளை வெப்பக் கடல்களின் வழியே கெடாமல் கொணர்தல் எளிதா? இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எச். சி. வில்சன் அம்முயற்சியில் வெற்றி கண்டார். அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைந்தது. வட அமெரிக்காவின் மேற்குக்கரை ஆறுகளைத் தாயகமாகக் கொண்ட வானவில் டிரவுட் நீலகிரி ஓடைகளில் நிலைத்தது.

மயிலாடி வாய்க்காலில் இம்மீன் வாழாது. நீர் வெப்பமடையுந்தோறும் அதில் கரைந்துள்ள பிராணவாயு குறையும். கடல்மட்ட அளவில், 10 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையிலுள்ள ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 11 மில்லிகிராம் பிராணவாயு கரையும். 30 டிகிரியில் 7½ மில்லிகிராமே கரையும். விராலும் கெளுத்தியும் இக்குறைவைப் பொறுக்கும்; டிரவுட் பொறுக்காது. நீர் 20 டிகிரியைத் தாண்டினால் அது சோர்வுறும். 25 டிகிரியை நெருங்கினால் மடியவும் கூடும்.

இதனைப் பிடிப்போர் புழுவைக் கோப்பதில்லை. சிறு முள்ளின்மேல் இறகையும் நூலையும் சுற்றிப் பூச்சிபோல் ஆக்குவர். அப்பொய்ப்பூச்சிக்கு எடையே இல்லை. ஆதலால் கனத்த நூலைக் கோலால் முன்னும் பின்னும் வீசி, அதன் விசையால் பூச்சியை நீர்மேல் மெல்ல இறக்குவர். பழக்கமில்லாதவன் வீசினால் முள் பின்னாலுள்ள புதரில் சிக்குவதே வழக்கம்!

பருவமும் வாய்க்க வேண்டும். ஆடி, ஆவணி மாதங்களில் தென்மேற்குப் பருவமழை ஓடைகளைக் கலக்கிவிடும். கலங்கிய நீரில் மீனுக்குப் பூச்சி தெரியாது. புரட்டாசிக்குமேல் வெள்ளம் வடிந்து நீர் தெளியும். ஆயினும் மிகத் தெளிந்த நீரில் ஆளின் நிழலும் மீனுக்குத் தெரிந்துவிடும். மீன் நீரோட்டத்தை எதிர்நோக்கி நிற்பது. ஆகவே தூண்டிற்காரன் கீழ்ப்புறமிருந்து, மீனின் பின்னால் மெல்ல அணுகுவான். இடையே வடகிழக்குப் பருவமழை பெய்து ஓடை கலங்கினால், மீண்டும் தெளியும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

ஆனால் தூண்டிலுக்கு உகந்த இக்காலமே நீலகிரி டிரவுட்டின் இனப்பெருக்கத்திற்கும் தொடக்கமாகும். பெண்மீன் வாலால் சரளையைத் தோண்டி முட்டையிட்டு, அச்சரளையாலேயே மூடிவிடும். அவ்விடத்தில் மனிதன் காலூன்றினால் முட்டைகள் நசுங்கும். பிரிட்டனின் ஆறுகளில் பழுப்பு டிரவுட் முட்டையிடும் இலையுதிர்காலத்திலும், அதனைத் தொடர்ந்த குளிர்காலத்திலும் அதனைப் பிடித்தலாகாது என்று சட்டம் தடுக்கின்றது.

மனிதனின் காலினும் பெருங்கேடு விளைப்பது சேறு. அது சரளையின் இடைவெளிகளை அடைத்தால் முட்டைகள் பிராணவாயுவின்றி இறந்துபோகும். நீலகிரியின் சோலைக்காடுகளும் புல்வெளிகளும் மழைநீரை உறிஞ்சிச் சிறிது சிறிதாகக் கசியவிடுகின்றன. மண் கரைந்தோடாமல் காக்கின்றன. மேல்சரிவு வெட்டவெளியானால் கீழோடை கலங்கும். கோடையில் வற்றி வெப்பமும் அடையும். நீர் தெளிந்து 10 டிகிரி அளவில் ஓடினால், சரளைக்கடியிலுள்ள முட்டைகள் ஏறத்தாழ ஒரு மாதத்தில் பொரியும்.